அப்பாவுக்கு அஞ்சியோகிராம் எழுதியிருக்கிறார்கள்: கிளினிக்குக்கு முன்னும் பின்னும்

கொடிகாமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 64 வயது. நெடுநாளாகச் சலரோகம் (நீரிழிவு) இருக்கிறது. சந்தைக்குச் சைக்கிளில் போகும்போது நெஞ்சு இறுகுகிறது, இறங்கி நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. ஓடவைத்து எடுக்கும் ஈசிஜியில் மாற்றம் தெரிந்திருப்பதால், யாழ் போதனா வைத்தியசாலையின் இதய கிளினிக்கில் காட்டி அஞ்சியோகிராம் (இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளை எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் அண்ணர் சென்னைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், "உள்ளே போனால் ஸ்ரென்ட் வைக்காமல் விடமாட்டார்கள்" என்கிறார் (ஸ்ரென்ட் என்பது நாடி அடைப்பை விரித்து வைக்கும் சிறு உலோக வலை). அப்பாவோ கந்தசஷ்டி முடியட்டும் என்று நாளைத் தள்ளுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் இதய விடுதியிலும், நாடி வழியாக மெல்லிய குழாய் (கதீற்றர்) செலுத்தும் கதீற்றர் கூடத்திலும் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அப்பாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கிளினிக் எப்படி நடக்கிறது, நோயாளியும் வீட்டாரும் எங்கே வழுக்குகிறார்கள் என்பதை என்னால் சொல்ல முடியும். பலர் கதீற்றர் கூடத்துக்குள் கழியும் அந்த அரைமணி நேரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்த சங்கடங்களில் பெரும்பாலானவை அதற்கு முந்திய வாரத்திலும் பிந்திய வருடத்திலும் நடந்தவை.

முதலில் அவசரத்தைப் பற்றி. நடந்தால் வந்து, நின்றால் போகிற நோவுக்குக் கிளினிக் திகதிவரை காத்திருக்கலாம். அந்த நோவு சும்மா இருக்கும்போதே வந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடம் கடந்தும் விடாவிட்டாலோ, வியர்வையும் மூச்சு முட்டலும் சேர்ந்தாலோ, கிளினிக் திகதியை மறந்துவிட்டு 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. சலரோகக்காரருக்கு நெஞ்சு நோகாமலேயே மாரடைப்பு வரக்கூடும். வெறும் களைப்பு, வியர்வை, வயிற்றின் மேற்பக்கத்தில் ஒரு பாரம் என்று மட்டும் தெரியும். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், வாய்வு. ஓமத்தண்ணீர் குடித்து, உள்ளியைச் சுட்டுத் தின்று, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். அடைபட்ட நாடியை முதல் 12 மணித்தியாலத்துக்குள், அதிலும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் திறப்பதில்தான் இதயத் தசை தப்புவது தங்கியிருக்கிறது. ஆகவே நேராகப் பெரியாஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்று வாகனம் தேடி அலையாதீர்கள். கொடிகாமத்துக்குக் கிட்ட இருப்பது சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை. ஈசிஜி எடுத்துப் பார்த்து, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியா, உடனே மாற்றி அனுப்புவதா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள். கரைக்கும் ஊசி போட்டவர்களுக்கும் பொதுவாக அடுத்த ஒரு நாளுக்குள் அஞ்சியோகிராம் செய்து பார்ப்பதே இன்றைய முறை.

இனி உங்கள் அப்பாவின் விடயம். கிளினிக்கில் முதலில் பார்ப்பது இதயத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஈசிஜியும் எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) எடுப்பார்கள். கூடவே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இந்த ஒரு எண்ணை நீங்களும் எழுதி வைத்திருங்கள். அஞ்சியோகிராமில் நாடிக்குள் செலுத்துவது எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய அயடின் கலந்த திரவம். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சலரோகத்தால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது மேலும் தளரக்கூடும். கிரியேற்றினின் கூடியிருந்தால் முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுவார்கள், அந்தத் திரவத்தின் அளவைக் குறைப்பார்கள், சிலவேளை திகதியையே தள்ளுவார்கள். தள்ளினால் கோபிக்க வேண்டாம். முழங்கால் நோவுக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனக் போன்ற குளிசைகள் இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரட்டைப் பாரம். இதயத்துக்கும் அவை நல்லவை அல்ல. அப்பா சத்தமில்லாமல் அதைப் போடுகிறாரா என்று தலையணைக்கு அடியில் பாருங்கள்.

சலரோகத்துக்குப் போடும் மெற்போமின் குளிசையைச் சிலருக்கு அன்றைக்கு நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்துச் சிறுநீரகத்தைப் பார்த்த பின்பு தொடங்கச் சொல்வார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நிறுத்தாமலும் விடுவார்கள். இரண்டும் சரியானவையே, உங்கள் அப்பாவுக்கு எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் போடுபவர் என்றால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அஸ்பிரினைத் தானாக நிறுத்தக் கூடாது. "சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தம் மெலிக்கும் குளிசையை நிறுத்துவார்களே" என்று பொது அறிவால் நிறுத்திவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். இங்கே நடப்பது நேர் எதிர்: ஸ்ரென்ட் வைக்க வேண்டி வரலாம் என்பதால் அந்தக் குளிசை உடம்பில் இருப்பதுதான் தேவை.

மருந்துகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்ல முயல வேண்டாம். குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு கொண்டு போங்கள். எல்லாவற்றையும் என்றால், சித்த வைத்தியர் தந்த சூரணத்தையும் லண்டன் அண்ணர் அனுப்பிய போத்தலையும் சேர்த்துத்தான்.

நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த அயடின் திரவம் கூடாது என்றொரு பேச்சு நம்மிடையே பலமாக உலாவுகிறது. கடலுணவு ஒவ்வாமைக்கும் அயடினுக்கும் தொடர்பு இல்லை. எந்த ஒவ்வாமையையும் தாதியிடம் சொல்லுங்கள். ஆனால் நண்டுக்கறி தின்று தடித்தது என்பதற்காக அஞ்சியோகிராமை வேண்டாம் என்று எழுந்து போகாதீர்கள். முன்பு ஸ்கான் எடுத்தபோது இதே வகைத் திரவம் ஏற்றி உடம்பு தடித்திருந்தாலோ மூச்சு முட்டியிருந்தாலோ, அதுதான் முக்கியமான செய்தி.

விரதத்துக்கு வருகிறேன். அப்பாவின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் சஷ்டி பிடிப்பவள்தான். ஆறு நாளும் பட்டினி கிடந்து, தண்ணீரும் குறைந்து, உடல் வற்றிய நிலையில் அயடின் திரவத்தை ஏற்றினால் சிறுநீரகம்தான் பாடுபடும். சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் போன்ற குளிசையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயங்கி விழுவார். எம்பாகிளிபுளோசின் வகைச் சலரோகக் குளிசையோடு பட்டினி கிடந்தால் சீனி கூடாமலேயே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இன்னொரு விடயத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆண்கள் காப்புக் கட்டுவது வலது மணிக்கட்டில். கதீற்றர் பெரும்பாலும் நுழைவதும் அதே மணிக்கட்டு வழியாகத்தான். மஞ்சள் நூலோடு மேசையில் படுக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். கடைசி நேரத்தில் வெட்டச் சொன்னபோது அபசகுனம் என்று மனம் உடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகையால் திகதி சஷ்டிக்குள் விழுந்தால், இந்த வருடம் ஒருநேர உணவோடு வீட்டில் கவசம் படிக்கட்டும், காப்பு வேண்டாம். முருகன் கணக்குப் பார்க்கமாட்டார். அதற்காகத் திகதியை மாற்றக் கேட்டால், அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

அன்றைக்கு வேண்டிய பட்டினி சில மணித்தியாலம் மட்டும்தான். காலைக் குளிசைகளில் எவற்றைக் கொஞ்சத் தண்ணீரோடு போடலாம் என்று சொல்லி அனுப்புவார்கள். மயக்க மருந்து இல்லை. தோல் மட்டும் விறைக்கும். நுழைவது ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் பருமனான குழாய். நாடிக்குள் குழாய் போவது உணரப்படாது, ஏனென்றால் அங்கே தொட்டால் தெரியும் நரம்பு இல்லை. இடது இதய அறைக்குள் திரவம் பாய்ச்சினால் உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடும், சிறுநீர் போய்விட்டதுபோல இருக்கும், போயிருக்காது. ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் நெளிவார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மணிக்கட்டு நாடி மெலிந்தோ சுருங்கியோ இருந்தால் தொடை இடுக்கு வழியாகப் போவார்கள். அப்படியென்றால் சில மணித்தியாலம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறு கதை. தாதி என்பதால் எனக்குப் பிடித்தது. 1929 இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வேர்னர் போர்ஸ்மான் என்ற இளம் வைத்தியர் மனித இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்க விரும்பினார். மேலதிகாரி மறுத்தார். கருவிகளின் சாவி வைத்திருந்த தாதி ஒருத்தி, என் உடம்பில் செய்யுங்கள் என்று முன்வந்தார். அவரை மேசையில் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தன் கையிலேயே குழாயை ஏற்றி, மாடிப்படி இறங்கிப் போய் எக்ஸ்ரே எடுத்தார் போர்ஸ்மான். 1956 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தாதிக்குக் கிடைத்தது பெரும்பாலும் இந்தக் கதையில் ஒரு வரிதான். 1977 செப்டெம்பர் 16 அன்று சூரிச்சில் அந்திரியாஸ் குருன்சிக் முதன்முறையாக இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடியின் அடைப்பைப் பலூனால் விரித்தார். அந்தப் பலூன்களை அவர் ஆரம்பத்தில் தன் வீட்டுக் குசினி மேசையில் செய்து பார்த்தவர். ஸ்ரென்ட் வந்தது 1986 இல். மணிக்கட்டு வழி பரவியது அதற்கும் பிறகு.

பக்கத்து வீட்டுக்காரரின் கூற்றுக்குப் பதில்: அஞ்சியோகிராம் ஒரு படம். படத்தைப் பார்த்த பின் மூன்று வழி பிரியும்: மருந்து மட்டும், பலூனும் ஸ்ரென்ட்டும், பைபாஸ் சத்திரசிகிச்சை. உங்கள் அப்பாவைப் போல நடந்தால் மட்டும் நோகிறவர்களில் மருந்தே போதும் என்று முடிவாகிறவர்கள் கணிசம். 2020 இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5179 பேரைத் தொடர்ந்து பார்த்தது. நிலையான நெஞ்சுநோ உள்ளவர்களில், ஆரம்பத்திலேயே அஞ்சியோகிராம் செய்து ஸ்ரென்ட்டோ பைபாஸோ செய்வது, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிடும்போது இறப்பைக் குறைக்கவில்லை. அடிக்கடி நோகிறவர்களுக்கு நோவைக் குறைத்தது. இடது பிரதான நாடியில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், இதயம் பலமாகத் தளர்ந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதை முற்றிலும் வேறு; அங்கே பலூன் உயிரைக் காக்கிறது. சலரோகத்தோடு பல நாடிகளிலும் அடைப்பு இருந்தால் ஸ்ரென்ட்டை விடப் பைபாஸ் நல்லது என்பதை 1900 சலரோகக்காரரை வைத்துச் செய்த பிரீடம் ஆய்வு 2012 இல் காட்டியது. ஆகவே "மூன்று அடைப்பு, பைபாஸ் செய்யுங்கள்" என்று சொன்னால் ஸ்ரென்ட் வைக்கத் தெரியாமல் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

இதில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது கேளுங்கள்: படத்தில் அடைப்புத் தெரிந்தால் அன்றே ஸ்ரென்ட் வைப்பீர்களா, அல்லது வெளியே எடுத்துப் பேசிவிட்டுப் பிறகு செய்வீர்களா? அப்பா மேசையில் படுத்திருக்கும்போது வெளி வாங்கில் இருக்கும் மகனிடம் வந்து அவசரமாகக் கேட்கும் நிலை வந்தால், யாருக்கும் யோசிக்க நேரம் இராது. முன்கூட்டியே பேசியிருந்தால் அந்தப் பதற்றம் பாதியாகும்.

சென்னைக்குப் போவதா? அண்ணரின் அன்பு புரிகிறது. ஆனால் படம் எடுக்கும் முன்பே விமான டிக்கெட் எடுப்பது வண்டிலை மாட்டுக்கு முன்னால் கட்டுவது. யாழ்ப்பாணத்தில் கதீற்றர் கூடமும் இதய நிபுணர்களும் இருக்கிறார்கள், அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஒருகாலத்தில் இதற்கென்று ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம் செய்து கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர்கள்தான் நாங்கள். இங்கே முடியாத சிக்கலான அடைப்பு என்றால் அவர்களே மாற்றி அனுப்புவார்கள். என் அபிப்பிராயம்: யார் உங்கள் அப்பாவைப் பிறகு மாதாமாதம் பார்க்கப் போகிறார்களோ, அவர்கள் படம் எடுப்பதே நல்லது. எங்கே போனாலும் அஞ்சியோகிராம் பதிந்த இறுவட்டையும், எந்த நாடியில் எந்த வகை ஸ்ரென்ட், என்ன அளவு, என்ன திகதி என்று எழுதிய அட்டையையும் கையில் வாங்காமல் வராதீர்கள். வெளிநாட்டில் செய்துவிட்டு, துண்டு ஒன்றும் இல்லாமல், "ஏதோ இரண்டு வைத்தார்கள்" என்று வந்து நிற்பவருக்குக் கிளினிக்கில் என்ன செய்ய முடியும்? அட்டையைத் தொலைபேசியில் படம் பிடித்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள்.

ஸ்ரென்ட் வைத்தால் அதற்குப் பிறகுதான் என் தரப்பு ஆட்களுக்குக் கவலை தொடங்கும். ஸ்ரென்ட் ஒரு உலோக வலை. அதன்மேல் நாடியின் உட்தோல் படர்ந்து மூடும்வரை இரத்தம் அதை அந்நியமாகவே பார்க்கிறது, கட்டியாக உறைய முயல்கிறது. அதைத் தடுக்கத்தான் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துக் கொடுப்பது. மாரடைப்புக்குப் பின் வைத்ததென்றால் வழக்கமாக ஒரு வருடம், நிலையான நோவுக்கு வைத்ததென்றால் வழக்கமாக ஆறு மாதம். இரத்தக்கசிவு ஆபத்து உள்ளவருக்கு வைத்தியர் குறைப்பார். அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். இந்தக் காலத்துக்குள் குளிசையை நிறுத்தினால் ஸ்ரென்ட் திடீரென்று அடைபடலாம். அப்படி அடைபட்டால் அது பெரிய மாரடைப்பு, பலர் தப்புவதில்லை.

யார் நிறுத்துகிறார்கள்? சொன்னால் நம்பமாட்டீர்கள், பெரும்பாலும் நல்லெண்ணக்காரர்கள்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் "ஒரு கிழமை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். கண்புரை சத்திரசிகிச்சைக்கு முன் வீட்டில் யாரோ நிறுத்துகிறார்கள். பல் முரசில் இரத்தம் கசிந்தது என்று பயந்து நோயாளி நிறுத்துகிறார். நெடுந்தீவில் இருப்பவர் காற்றுக்காலத்தில் படகு ஓடாமல் கிளினிக்கைத் தவறவிடுகிறார், குளிசையும் முடிந்துவிடுகிறது. 2022 நெருக்கடியின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இல்லாமல் வெளியே வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு ஒன்றைவிட்ட ஒருநாள் போட்டவர்களும் உண்டு. வழி எளிது. யார் நிறுத்தச் சொன்னாலும் இதய கிளினிக்கில் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பல் பிடுங்குவது போன்ற சிறு வேலைகளைப் பெரும்பாலும் குளிசையோடேயே செய்யலாம். தள்ளிவைக்கக் கூடிய சத்திரசிகிச்சையைத் தள்ளிவையுங்கள். எப்போதும் இரண்டு கிழமைக்குரிய குளிசை வீட்டில் மேலதிகமாக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் போத்தல் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மருந்துக்கு ஊருக்கு ஊர் வேறு வர்த்தகப் பெயர். கொலஸ்ரோலைக் குறைக்க இங்கே அற்றோவாஸ்ரற்றின் என்று தருவதையே அங்கே லிப்பிட்டோர் என்று விற்கிறார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் தசை நோகிறது என்று வருவார்கள். குளோபிடோகிரலும் பிளாவிக்ஸும் ஒன்று என்பதும் அப்படித்தான். அதில் இரட்டிப்பானால் இரத்தம் கசியும். வயிற்றெரிவுக்குக் கடையில் வாங்கும் ஒமிப்பிரசோல் குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கக்கூடும், ஆகவே வைத்தியரிடம் கேட்டால் பன்ரோப்பிரசோலுக்கு மாற்றுவார். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசையை அதன் கண்ணாடிப் போத்தலிலேயே வைத்திருங்கள். திறந்து எட்டுக் கிழமையானால் அதன் வலு குறையும், புதிது வாங்க வேண்டும். போடும்போது இருந்துகொண்டு போட வேண்டும், நின்றால் தலை சுற்றும். ஆண்களிடம் யாரும் கேட்காததை நான் கேட்டுவிடுவேன்: ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாபில் போன்ற குளிசை பாவிக்கிறாரா? அதோடு ஜி.ரி.என். சேர்ந்தால் பிரஷர் அபாயமாக விழும். அப்பாவிடம் மகன் கேட்கக் கூச்சமாக இருந்தால், கிளினிக்கில் தனியாகக் கேட்கும்படி தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

வீடு வந்த முதல் நாட்களுக்கு: மணிக்கட்டில் இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள், பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. தொடையில் குத்தியிருந்து அங்கே கட்டி பெருத்தாலோ, கால் குளிர்ந்து வெளிறினாலோ காத்திருக்க வேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் பாரம் தூக்குவதையும் ஒரு கிழமை வேறு யாராவது செய்யட்டும். வைத்தியர் தடுக்காவிட்டால் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும்.

அதே கிளினிக் வாங்கில் வேறு வகை நோயாளரும் இருப்பார்கள். சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிய பெண்களுக்குத் தொடை நாளம் வழியாகப் பலூன் அனுப்பி வால்வை விரிப்பதுண்டு. அவர்களில் பலருக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி வருடக்கணக்காகத் தொடரும். இதயத் துடிப்பு மந்தமானவர்களுக்குப் பேஸ்மேக்கர். அவை தனிக் கேள்வியாக வந்தால் தனியாக எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அப்பா சுருட்டுப் பிடிப்பவர் என்றால், எந்த ஸ்ரென்ட்டும் அதற்கு ஈடுகொடுக்காது. சொதியைக் குறைப்பதா, முட்டை மஞ்சள் தின்னலாமா என்று மணிக்கணக்காக விவாதிக்கும் வீடுகளில் சுருட்டுப் பெட்டி மட்டும் மாடத்தில் அசையாமல் இருக்கும். கெட்ட கொலஸ்ரோலை ஒரு டெசிலீற்றருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவது ஐரோப்பிய வழிகாட்டலில் இத்தகைய நோயாளருக்கு இலக்கு. சாப்பாட்டால் மட்டும் அங்கே போய்ச் சேருவது அரிது, குளிசை வேண்டும். இரத்தச் சோதனை சரியாக வந்துவிட்டது என்று அந்தக் குளிசையை நிறுத்துவதும் பிழை. சரியாக வந்ததே குளிசையால்தான்.

இப்போதைக்கு இந்தக் கிழமை செய்ய வேண்டியது, கிரியேற்றினின் முடிவை எடுத்துக் கொப்பியில் ஒட்டுவதும், குளிசைப் பையைத் தயாராக்குவதும், அண்ணருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, படம் வந்த பிறகு பேசுவோம் என்று சொல்வதும்தான். கிளினிக் நாளில் அப்பாவோடு போகிறவர் அவருடைய குளிசைகளை அறிந்தவராக இருக்கட்டும். அனேகமாக அது உங்கள் அம்மாவாக இருப்பார். அவரை வீட்டில் விட்டுவிட்டு வாகனம் ஓடத் தெரிந்தவரை மட்டும் அனுப்பாதீர்கள்.